ஊர் பேர் தெரியாத பெட்டிகள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் நம் எலெக்ட்ரிகல் துறையிலிருந்து போன் வந்தது.

"தம்பி, மெஷர்மெண்ட்ஸ் லேப் ஸ்டோர் ரூமைக் காலி பண்றோம். நாலு பெட்டி இருக்கு, என்னன்னே தெரியல. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல 'பொட்டென்ஷியோமீட்டர் - 1, வோல்ட்மீட்டர் - 1'ன்னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க. கண்டம் பண்ற லிஸ்ட்ல சேர்த்தாச்சு. நீ கேலிபரேஷன் வேலையிலதானே இருக்க? லாரி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயேன்."

பேசியது எனக்கு மூன்றாம் ஆண்டில் மெஷர்மெண்ட்ஸ் எடுத்த பேராசிரியர். மறுக்க முடியுமா? அந்த சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன். ஒட்டடைக்கும் பல்லி முட்டைக்கும் நடுவில் நாலு பெட்டிகள் இருந்தன. லேப் அண்ணன் ஈரத்துணியோடு துடைக்கத் தயாராக நின்றார். "அண்ணே, துடைக்காதீங்க! அழுக்குலதான் விஷயம் இருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அந்த நாலு பெட்டிகளைப் பற்றியும், அவை யார் என்று தெரிந்துகொண்ட விதத்தைப் பற்றியும் மலரில் எழுதச் சொன்னார்கள். அது ஒரு வகையில் வோல்ட்டின் வரலாறுதான். வரலாறு தெரியாமல் இந்தப் பெட்டிகளை அடையாளம் காண முடியாது.

முதல் பெட்டி ஆள் தூக்கச் சிரமப்படும் மரப்பெட்டி. மேலே கறுப்பு எபோனைட் பலகை. வெயில் பட்ட பக்கம் மட்டும் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறியிருந்தது. எபோனைட்டில் கந்தகம் உண்டு, வெளிச்சம் பட்டால் இப்படித்தான் ஆகும். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் மிச்சம். பித்தளை என்று யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பெயர் போனாலும் டெர்மினல்களின் பக்கத்தில் எழுத்து இருந்தது: பி.ஏ., எஸ்.சி., ஈ.எம்.எஃப். பி.ஏ. என்றால் பாட்டரி (பட்டம் இல்லை!), எஸ்.சி. என்றால் ஸ்டாண்டர்டு செல், ஈ.எம்.எஃப். என்றால் அளக்க வேண்டிய மின்னழுத்தம். இந்த மூன்றும் ஒரே பலகையில் இருந்தால் அது பொட்டென்ஷியோமீட்டரைத் தவிர வேறு ஒன்றாக இருக்க முடியாது.

பிளஸ் டூ பிசிக்ஸ் லேபை ஒரு நிமிடம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் கம்பி ஓடிய பலகை, ஜாக்கி, லெக்லாஞ்சி செல், டேனியல் செல். கால்வனோமீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தைத் தேடி ஜாக்கியைத் தட்டிக்கொண்டே போவோமே, அதேதான். 1841ல் பெர்லினில் போகன்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன முறை அது. மளிகைக் கடைத் தராசு மாதிரி. ஒரு தட்டில் தெரியாத வோல்டேஜ், மறு தட்டில் தெரிந்த வோல்டேஜ். முள் நடுவில் நின்றால் இரண்டும் சமம். அந்தக் கணத்தில் அளக்கப்படும் செல்லிலிருந்து கரண்ட் எதுவும் போவதில்லை. அளக்கிற கருவியே அளவைக் கெடுக்காது என்பதுதான் இதன் அழகு. நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தின் துல்லிய வோல்ட் அளவீடு முழுக்க இந்தத் தராசை நம்பித்தான் நடந்தது.

சரி, பொட்டென்ஷியோமீட்டர் என்று தெரிந்தது. யாருடையது? மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு படியாக அளந்தேன். பெரிய டயலில் 0.1 வோல்ட் வீதம் பதினைந்து படிகள், ஒவ்வொன்றும் 5 ஓம். பக்கத்தில் பீங்கான் ஜாடி மாதிரி ஒரு உருளை, அதன் மேல் பதினொரு சுற்றாக ஸ்லைடு வயர், மொத்தம் ஐந்தரை ஓம். கணக்குப் போட்டால், 5 ஓமில் 0.1 வோல்ட் விழ வேண்டுமென்றால் 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். டயல் 1.5 வோல்ட், ஸ்லைடு வயர் 0.11 வோல்ட், ஆக மொத்தம் 1.61 வோல்ட்.

நம் லைப்ரரியில் கோல்டிங் எழுதிய மெஷர்மெண்ட்ஸ் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இந்த எண்கள் எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்த லீட்ஸ் அண்ட் நார்த்ரப் கம்பெனியின் டைப் கே வரிசை இதுதான். மாரிஸ் லீட்ஸ் என்பவர் 1899ல் தொடங்கிய பட்டறையில் 1903ல் எட்வின் நார்த்ரப் என்ற இயற்பியலாளர் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய பெட்டிகள் உலகம் முழுக்க லேபுகளில் உட்கார்ந்தன. நம் பெட்டியில் ரேஞ்ச் மாற்றும் இடத்தில் 1, 0.1, 0.01 என்று மூன்று இருந்ததால் டைப் கே-2 என்று முடிவு கட்டினேன்.

ஆனால் ஒரு சந்தேகம். நல்ல டிசைனைப் பார்த்து மற்றவர்களும் அதே மாதிரி செய்வது உலக வழக்கம். எபோனைட்டும் ஐந்து ஓமும் மட்டும் சாட்சி ஆகாது. அதனால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். பழைய கருவிக்கு ஸ்க்ரூதான் பாஸ்போர்ட். பிரிட்டிஷ் கருவி என்றால் பெரும்பாலும் பி.ஏ. மரை இருக்கும் (இது மூன்றாவது பி.ஏ., பிரிட்டிஷ் அசோசியேஷன்). மரையின் கோணம் நாற்பத்தேழரை டிகிரி. அமெரிக்க மரை அறுபது டிகிரி, அங்குலக் கணக்கு. அமெரிக்க நட்டை பி.ஏ. ஸ்க்ரூவில் ஏற்றினால் ஒன்றரைச் சுற்றில் இறுகிவிடும். நம் பெட்டியின் ஸ்க்ரூ அமெரிக்க நட்டில் வெண்ணெய் மாதிரி இறங்கியது. லண்டன் சவுத் நார்வுட்டில் இருந்த டின்ஸ்லி கம்பெனியோ, கேம்பிரிட்ஜ் கம்பெனியோ செய்திருந்தால் இப்படி இறங்காது.

அமெரிக்கப் பெட்டி, கே-2 குடும்பம். இதற்கு மேல் உறுதி செய்ய ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது பெட்டி கைக்கு அடக்கமானது. மூடியில் தெர்மாமீட்டர் நுழைக்க ஒரு ஓட்டை, இரண்டு டெர்மினல், உள்ளே பஞ்சு. பேராசிரியர் அதைத் திறக்கப் போனபோது தடுத்துவிட்டேன். அது ஸ்டாண்டர்டு செல். உள்ளே ஆங்கில ஹெச் எழுத்து வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு காலில் பாதரசம், மறு காலில் கேட்மியம் கலந்த பாதரசம், மேலே கேட்மியம் சல்ஃபேட் கரைசல். இரண்டும் விஷம். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாதிரிப் பெட்டி கிடைத்தால் கவிழ்க்காதீர்கள், உடைக்காதீர்கள், பழைய மூவிங் காயில் மல்டிமீட்டரை மேலே வைக்காதீர்கள். அதற்குப் போகும் கரண்டிலேயே செல் மனம் மாறிவிடும், திரும்ப நிதானத்துக்கு வர நாள் பிடிக்கும்.

தராசு இருந்தால் போதாது, படிக்கல் வேண்டும் இல்லையா? அந்தப் படிக்கல்தான் இந்த செல். முதலில் 1873ல் லாட்டிமர் கிளார்க் என்ற தந்திப் பொறியாளர் ஒரு செல் செய்தார். 15 டிகிரியில் 1.434 வோல்ட். நல்ல செல்தான், ஆனால் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் மேல் இறங்கிவிடும். பிறகு வந்தவர்தான் எட்வர்ட் வெஸ்டன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1850ல் பிறந்தவர். இருபது வயதில் கப்பலேறி அமெரிக்கா போனார். முலாம் பூசுகிற வேலையில் தொடங்கி, டைனமோ, விளக்கு என்று கை வைக்காத இடமில்லை. ஒவ்வொன்றிலும் அவருக்குத் தலைவலியாக இருந்தது அளவீடுதான். அப்போதைய மீட்டர்கள் அவருக்குத் திருப்தியாக இல்லை. 1888ல் நியூஜெர்சி நூவர்க்கில் தனியாக மீட்டர் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். சூட்டில் மதிப்பு மாறாத ரெசிஸ்டன்ஸ் கம்பிக்காக அவர் தேடிப்பிடித்த செம்பு - மாங்கனீஸ் கலவையின் வழியில் வந்ததுதான் பின்னால் மாங்கனின் என்று பெயர் பெற்றது. கே-2 போன்ற பெட்டிகளின் உயிரே அந்த மாங்கனின் காயில்கள்தான். 1893ல் கிளார்க் செல்லில் துத்தநாகம் இருந்த இடத்தில் கேட்மியத்தைப் போட்டு புது செல் செய்தார். டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட்தான் மாறியது. 1908ல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டுக்குப் பிறகு, 1911 ஜனவரி 1 முதல் உலகத்துக்கே படிக்கல் ஆனது வெஸ்டன் செல். 20 டிகிரியில் 1.0183 வோல்ட் என்று முடிவு செய்தார்கள். வெஸ்டன் தன் பேடண்ட் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். இந்தக் காலத்தில் நடக்குமா?

இங்கேதான் நம் பெட்டியின் வயதைச் சொல்லும் சூட்சுமம் இருக்கிறது. 1948 ஜனவரி 1 அன்று வோல்ட்டே மாறியது! அதுவரை இருந்த 'இன்டர்நேஷனல் வோல்ட்'டுக்குப் பதிலாக 'அப்சல்யூட் வோல்ட்' வந்தது. பழைய ஒரு வோல்ட், புதிய கணக்கில் 1.00034 வோல்ட். செல் மாறவில்லை, அதன் மேல் எழுதும் எண் மாறியது. 1.0183 என்பது 1.0186 ஆனது. ஆக, தெர்மாமீட்டர் ஓட்டை உள்ள சாச்சுரேட்டட் வகை செல்லில் நாலாவது தசம எண் 3 என்றால் 1948க்கு முந்தைய சீட்டு, 6 என்றால் பிந்தைய சீட்டு. (தெர்மாமீட்டர் இல்லாத அன்சாச்சுரேட்டட் வகையில் ஒவ்வொரு செல்லும் ஒரு எண் சொல்லும், அங்கே இந்த வித்தை பலிக்காது. நம் பாடப்புத்தகங்களில் 1.0183, 1.0186 இரண்டும் மாறி மாறி வந்து பரீட்சையில் நம்மைக் குழப்பியதற்கும் இதுதான் காரணம்.)

ஆவலோடு மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில் 1.018 வரை தெளிவாக இருந்தது. அடுத்த எண் இருந்த இடத்தில் ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை! எத்தனையோ இடம் இருக்க, அது சரியாக நாலாவது தசமத்தைத் தின்றிருக்கிறது.

"அளந்து பார்த்துடலாமே?" என்றார் பேராசிரியர். அளக்கலாம். ஆனால் அன்றைக்கு ஸ்டோர் ரூமில் 32 டிகிரி. அந்தச் சூட்டில் நல்ல செல்லே 1.0180தான் காட்டும். வெப்பத்துக்குக் கணக்குப் போட்டுத் திருத்தினாலும் தெரிவது செல்லின் இன்றைய வோல்டேஜ்தான். சீட்டு எழுதியவர் எந்த வோல்ட்டில் எழுதினார் என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. அது காகிதம் மட்டுமே சொல்லும் சேதி.

காகிதத்தை மதிக்காமல் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் லேபுக்கு ஒரு பழைய ஹியூலட் பேக்கர்ட் டிஜிட்டல் வோல்ட்மீட்டர் ரிப்பேருக்கு வந்தது. பின்பக்கம் சீரியல் நம்பர் 2015ஏ என்று ஆரம்பித்தது. "அட, 2015 மாடலா, அதுக்குள்ள இவ்வளவு பழசாகிடுச்சே" என்று நான் சொன்னதைக் கேட்டு சீனியர் டீ குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறிச் சிரித்தார். ஹெச்.பி. கணக்கில் முதல் இரண்டு எண்ணோடு 60ஐக் கூட்ட வேண்டும். 20 என்றால் 1980. அடுத்த 15 என்பது பதினைந்தாவது வாரம். 'ஏ' என்றால் அமெரிக்கா, 'ஜே' ஜப்பான், 'யு' இங்கிலாந்து, 'ஜி' மேற்கு ஜெர்மனி. இன்னொரு நுட்பம்: அது அந்தப் பெட்டி செய்த வாரம் அல்ல, அந்த டிசைனைக் கடைசியாக மாற்றிய வாரம். பெட்டி அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்ததாக இருக்கலாம்.

சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கோ கிடைத்த மேனுவலைப் பார்த்து, சர்க்யூட்டில் போட்டிருந்த மதிப்புக்கு ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன். கேலிபரேஷன் பிடிக்கவில்லை. இன்னொன்றை மாற்றினேன். இன்னும் மோசம். மூன்று வாரம் போனது. கஸ்டமர் தினமும் போன். கடைசியில் சீனியர் வந்து மேனுவலின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். இந்த மேனுவல் இன்ன சீரியல் ப்ரிஃபிக்ஸ் உள்ள கருவிகளுக்கு மட்டும் நேரடியாகப் பொருந்தும், பழையவற்றுக்குப் பின்னால் உள்ள 'பேக்டேட்டிங்' பகுதியைப் பார், புதியவற்றுக்கு மஞ்சள் தாளில் தனியாக வரும் மாற்றங்களைப் பார் என்று தெளிவாகவே போட்டிருந்தது. நான் சர்க்யூட் படத்துக்கு நேராகத் தாவியவன். பெட்டி பழையது, நான் வைத்திருந்த மேனுவல் புதியது. நான் கழற்றி எறிந்த ரெசிஸ்டர் அந்தப் பெட்டிக்கு மிகச் சரியானது! துல்லியமான ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர், அதே மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. அந்தக் கருவி பழைய துல்லியத்துக்குத் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து மாடல் நம்பர், சீரியல் நம்பர், போர்டு நம்பர் மூன்றையும் எழுதாமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை. போர்டு நம்பர் ஒரு நல்ல நண்பன். ஹெச்.பி. போர்டில் 03458-66501 என்று இருந்தால் முதல் ஐந்து எண் மாடல், அதாவது 3458. பின்பகுதி 665 என்று ஆரம்பித்தால் அது போர்டு, 90 என்று ஆரம்பித்தால் மேனுவல். முன்பக்கமே இல்லாத கருவியைக்கூட இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதுவும் இல்லையா? கப்பாசிட்டர்களின் முதுகைப் பாருங்கள். 235-6843 என்று இருந்தால் 235 என்பது மல்லோரி கம்பெனியின் குறி, 68 வருஷம், 43 வாரம். ஒன்றைப் பார்த்து ஏமாறக் கூடாது, ரிப்பேரில் மாற்றியதாக இருக்கலாம். பத்துப் பதினைந்து பாகங்களைப் பார்த்து, அதிகம் பேர் எந்த வருஷத்தைச் சொல்கிறார்களோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாயத்து மாதிரிதான்.

மூன்றாவது பெட்டியில் சிரமமே இல்லை. முன்பக்கத்திலேயே ஃப்ளூக் என்று பெயர், டிஃபரென்ஷியல் வோல்ட்மீட்டர். ஜான் ஃப்ளூக் 1948ல் கம்பெனி ஆரம்பித்தார். பொட்டென்ஷியோமீட்டர் தராசையே ஒரு பெட்டிக்குள் அடக்கி, நூற்றுக்கணக்கான வோல்ட் வரை நேரடியாக அளக்கிற மாதிரி 1950களில் செய்தார்கள். டயல்களைத் திருப்பி முள்ளை நடுவில் நிறுத்தினால் டயலில் தெரியும் எண்தான் விடை. ஆரம்ப மாடல்கள் சிலவற்றில் உள்ளேயே ஸ்டாண்டர்டு செல் இருக்கும், ஆகவே கவிழ்க்கும் முன் யோசிக்கவும். மாடல் நம்பரைத் தட்டியதும் ஸ்கேன் செய்த மேனுவல் அரை மணியில் கிடைத்தது. வயது? பெயர்ப் பலகையில் சியாட்டில், வாஷிங்டன் என்று இருந்தது, ஜிப் கோடு இல்லை. அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது 1963ல். அதற்கு முந்தையது என்று ஒரு ஊகம், அவ்வளவுதான். பழைய பலகைகளைத் தீரும் வரை போட்டிருக்கவும் கூடும். இதே வித்தையை நம் ஊர்க் கருவிகளிலும் செய்யலாம். நம் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அம்பாலா கருவிகளில் ஊர் பெயரோடு ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. 'மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1990க்குப் பிந்தையது அல்ல.

மேனுவல் தேடும்போது கம்பெனி பெயரில் ஏமாறக் கூடாது. ஹெச்.பி.யின் கருவிப் பிரிவு 1999ல் அஜிலென்ட் ஆனது, 2014ல் கீசைட் ஆனது. இங்கிலாந்தின் டேட்ரான், வேவ்டெக்கிடம் போய், 2000ல் ஃப்ளூக்கிடம் வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் விசாரிக்கிற மாதிரி, அந்தந்த வருஷத்துப் பெயரிலெல்லாம் தேட வேண்டும். இன்னொரு குறுக்கு வழி அமெரிக்க ராணுவம். அவர்கள் கடைக் கருவியை வாங்கித் தங்கள் பெயரைச் சூட்டுவார்கள். ஹெச்.பி. 410பி என்ற வால்வ் வோல்ட்மீட்டருக்கு ராணுவத்தில் எம்.ஈ.-26 என்று பெயர். அப்படிப்பட்ட கருவியில் 6625 என்று ஆரம்பிக்கும் ஒரு நீண்ட எண் இருக்கும். 6625 என்பது மின் அளவீட்டுக் கருவிகளின் வகுப்பு எண். ராணுவ மேனுவலின் எண்ணிலும் அதே 6625 வரும். கம்பெனி மேனுவல் அகப்படாதபோது, சர்க்யூட் படங்களோடு அது அகப்பட்டு எனக்கு இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

நான்காவது பெட்டிக்குப் போகும் முன் அந்த ராமபாண ஓட்டையை அடைக்க வேண்டுமே. துறை நோட்டீஸ் போர்டிலும் பழைய மாணவர் சங்கத்திலும் சொல்லி வைத்தோம்: 1950, 60களில் படித்தவர்கள் யாரிடமாவது மெஷர்மெண்ட்ஸ் பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டு இருக்கிறதா? இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மூத்த மாணவர் கூப்பிட்டார். வீட்டுக்குப் போனேன். பேரன் பரணில் ஏறி ஒரு தகரப் பெட்டியை இறக்கினான். 1963-64 ரெக்கார்டு. காலிகோ அட்டை, நீல மை, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்து.

"தம்பி, எங்க காலத்துல மேக், நம்பர் எழுதலைன்னா சார் கையெழுத்தே போட மாட்டார். மூணு தடவை திருப்பி அனுப்பியிருக்கார்" என்றார் ஐயா.

ஏழாவது எக்ஸ்பெரிமெண்ட். அம்மீட்டர் கேலிபரேஷன். தேவையான கருவிகள் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில்: லீட்ஸ் அண்ட் நார்த்ரப் பொட்டென்ஷியோமீட்டர், டைப் கே-2, கேட்லாக் எண் 7552. பக்கத்திலேயே சீரியல் நம்பர். அதற்கு அடுத்த வரி: ஸ்டாண்டர்டு செல், 20 டிகிரியில் 1.0186, சீட்டின்படி.

ஆறு! 1948க்குப் பிந்தைய சீட்டு. அந்த 'சீட்டின்படி' என்ற ஒரு வார்த்தைக்காக, நாங்கள் யாரும் பார்த்திராத அந்த ஆசிரியருக்கு மனதில் ஒரு கும்பிடு போட்டேன். புத்தகத்து எண்ணைக் காப்பியடிக்காமல் பெட்டியில் இருந்ததைப் பார்த்து எழுத வைத்திருக்கிறார். நான் எழுதிய ரெக்கார்டில் 'பொட்டென்ஷியோமீட்டர் - 1' என்று மட்டும்தான் இருக்கும், அதையும் முந்தைய பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதினேன். என் ரெக்கார்டு அறுபது வருஷம் கழித்து யாருக்கும் எதையும் சொல்லாது.

ரெக்கார்டின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தோம். கே-2வின் பதினைந்து காயில்களையும் எங்கள் லேபுக்கு எடுத்துப்போய் அளந்தேன். இன்றும் ஒன்றுக்கொன்று பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போகின்றன. ஸ்விட்ச் காண்டாக்டுகளைச் சுத்தம் செய்த பிறகு ஒரு 1.5 வோல்ட் பாட்டரி செல்லை அதில் அளந்து காட்டியபோது, சுற்றி நின்ற மாணவர்கள் முள் நடுவில் நின்றதும் கை தட்டினார்கள். கண்டம் லிஸ்டில் மூன்று வரிகளை அடித்துவிட்டு பேராசிரியர் இனிஷியல் போட்டார்.

வோல்ட் இப்போது செல்லில் இல்லை. 1962ல் கேம்பிரிட்ஜில் ஜோசஃப்சன் என்ற இருபத்திரண்டு வயது ஆராய்ச்சி மாணவர் சொன்ன ஒரு விளைவை வைத்து, 1990 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க மைக்ரோவேவ் அதிர்வெண்ணிலிருந்து வோல்ட்டை எடுக்கிறார்கள். அன்றைக்கு அமெரிக்க வோல்ட் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு போல நகர்ந்தது. 2019 மே 20 அன்று யூனிட்டுகளை மறுபடி வரையறுத்தபோது ஒரு கோடியில் ஒரு பங்கு நகர்ந்தது. இன்றைக்கு நாம் எழுதும் கேலிபரேஷன் சீட்டுக்கும் ராமபாணம் வரும். எந்த வருஷத்து வோல்ட் என்று தேதியோடு எழுதி வைப்பது நல்லது.

இனி நான்காவது பெட்டி. அதை எனக்கு இன்னும் யாரென்று தெரியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சாம்பல் நிற அலுமினியப் பலகை, ஐந்து டயல்கள், நாலு டெர்மினல். டயல்களை எப்படித் திருப்பினாலும் உள்ளே நுழையும் பக்கம் ஒரே ரெசிஸ்டன்ஸ் காட்டுகிறது. சாதாரண ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் அப்படிக் காட்டாது, ஆகவே கெல்வின் - வார்லி டிவைடர். வோல்டேஜைத் துல்லியமாகப் பங்கு போடும் கருவி. கம்பெனி பெயர் இல்லை. ஸ்க்ரூ பி.ஏ. மரை. அடியில் பாதி கிழிந்த ஒரு லேபிள், அதில் நேஷனல் பிசிக்கல் லேபரட்டரி, நியூ டெல்லி-12 என்று மட்டும் படிக்க முடிகிறது. 1950ல் திறந்த அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'டெல்லி-12' என்று இருப்பதால் 1972க்கு முன்னால் அங்கே போய் வந்திருக்கிறது, 110012 ஆவதற்கு முன்னால். அங்கேயே செய்ததா, சோதனைக்கு மட்டும் போனதா, எந்த வருஷம், யார் கொண்டுபோனார்கள்?

பலகையின் இடது ஓரத்தில் வெள்ளை பெயிண்டில் ஈ.எம். 41 என்று எழுதியிருக்கிறது. 1950களிலிருந்து 72 வரை மெஷர்மெண்ட்ஸ் லேபில் ரெக்கார்டு எழுதியவர்கள் தயவுசெய்து பரணில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். 41 என்ற எண் கண்ணில் பட்டால் துறைக்கு ஒரு கார்டு போடுங்கள். கண்டம் லிஸ்டில் அந்த ஒரு வரி இன்னும் அடிக்கப்படவில்லை.